நூத்துக்கு ஒண்ணு கம்மி

"கடைசியா கேக்கறேம்மா. கையெழுத்து போடுவீங்களா, மாட்டீங்களா?"

"மாட்டேன் சார்."

அதிகாரிக்குச் சுர்ரென்று ஏறியது. ஆபீசில் அவருக்கு 'நூத்துக்கு நூறு' என்று பட்டப்பெயர். எடுத்த வேலையை அரைகுறையாக விடவே மாட்டார்.

அரசாங்க உதவியில் நடக்கும் குழந்தைகள் காப்பகங்களுக்கு இனிமேல் மாசாமாசம் செக் கிடையாது, பணம் நேராக பேங்க் கணக்குக்கே போய்விடும் என்று உத்தரவு. அவர் பொறுப்பில் நூறு காப்பகங்கள். தொண்ணூத்தொன்பது பேர் மறுபேச்சில்லாமல் கையெழுத்து போட்டாச்சு.

மிச்சம் இந்த அம்மாள்தான். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் ஒன்பது பேரை வீட்டின் கீழ்ப்பகுதியில் பகலெல்லாம் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். இடுப்பில் ஒன்று அழுகிறது. இன்னொன்று காலைக் கட்டிக்கொண்டு தொங்குகிறது. இத்தனைக்கு நடுவிலும் பிடிவாதம் மட்டும் குறைவேனா என்கிறது.

"பேங்க்ல கணக்கு இல்லையா?"

"ரெண்டு இருக்கு சார்."

"அப்புறம் என்னம்மா? செக்கை எடுத்துக்கிட்டு பேங்குக்கு ஓடி, வரிசையில கால் கடுக்க நின்னு... எதுக்கு இந்த அவஸ்தை?"

"எனக்கு வரிசையில நிக்கப் பிடிக்கும் சார். அந்த ஒரு மணி நேரம்தான் யாரும் என் முடியைப் பிடிச்சு இழுக்க மாட்டாங்க."

"விளையாடாதீங்க! இன்னிக்குக் கையெழுத்து இல்லேன்னா அடுத்த மாசத்துலேருந்து சல்லிக்காசு வராது. காப்பகத்தை இழுத்து மூட வேண்டியதுதான்."

அந்த அம்மாளின் முகம் சுருங்கிப் போனது. ஆனாலும் அவர் நீட்டிய பேனாவை வாங்கவில்லை.

வாசல் மணி அடித்தது.

"செக் தாத்தா! செக் தாத்தா!" என்று, இடுப்பில் இருந்தது கூட இறங்கிக்கொள்ள, பிள்ளைகள் அத்தனையும் பறந்தன.

வந்தவர் அதிகாரியின் ஆபீஸ்காரர்தான். காப்பகம் காப்பகமாகப் போய் செக் கொடுத்துவிட்டு வருவது அவர் வேலை. மேலதிகாரியை அங்கே பார்த்ததும் மனுஷர் வாசலிலேயே நின்றுவிட்டார். தோளில் ஒரு பை, நல்ல புடைப்பாக.

செக்கைக் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே? இல்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு விரலைப் பிடித்து இழுக்க, பையோடு கொல்லைப்பக்கம் போனார்.

'ஓஹோ, கதை அப்படிப் போகுதா!' என்று அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்பப் புரியுதும்மா. செக் வந்தா ரெண்டு பேருக்கும் ஏதோ ஆதாயம் இருக்கு. அந்தப் பையில என்ன?"

"நீங்களே எட்டிப் பாருங்களேன்."

ஜன்னல் வழியாகப் பார்த்தார். பையிலிருந்து வந்தது பலூன். ஒன்பது பிள்ளைக்கும் ஆளுக்கு ஒன்று. கிழவர் ஊதி ஊதி முகம் சிவந்து போயிருந்தார். எட்டுப் பிள்ளைகள் அழுக்குச் சட்டையோடு மண்ணில் புரண்டன. புத்தம் புது மஞ்சள் கவுன் போட்ட ஒரு குட்டி மட்டும் அவர் மடியை விட்டு இறங்குவதாக இல்லை.

"யாரு அந்த மஞ்சள் கவுன்? இன்னிக்குப் பிறந்தநாளா?"

"இல்லே சார்." அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "அது அவரோட சொந்தப் பேத்தி. ஒருத்திக்கு மட்டும் குடுத்தா குட்டு வெளிப்பட்டுடும்னு ஒன்பது பேருக்கும் வாங்கிட்டு வர்றார்."

"பேத்தியை வீட்டுலயே பாக்கலாமே?"

"எங்கே பாக்கறது? மக இவர் பேச்சைக் கேக்காம கல்யாணம் பண்ணிக்கிட்டா. 'என் வாசப்படி மிதிக்காதே'ன்னார். 'நீங்களும் என் வாசப்படி மிதிக்காதீங்க'ன்னு அவ சொல்லிட்டா. அப்பனுக்குத் தப்பாத மக. அன்னிலேருந்து பேச்சு வார்த்தை இல்லே."

அதிகாரி மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பெத்தவங்களும் ஆபீஸ் ஆளுங்களும் தவிர யாரும் உள்ளே வரக் கூடாதுன்னு நீங்கதானே சார் என் வாசல்ல போர்டு மாட்டினீங்க? கையில செக் இருந்தாத்தான் அவர் ஆபீஸ் ஆள். இல்லேன்னா தெருவோட போற கிழவர்."

அதிகாரிக்கு மனசு ஒரு கணம் இளகியது. மறுகணம் சட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"பாவமாத்தான் இருக்கு. ஆனா பெத்த தாய்க்குத் தெரியாம அவ குழந்தையை இன்னொருத்தர் மடியில உட்கார வெக்கிறது பெரிய தப்பும்மா! நாளைக்கு அந்தப் பொண்ணு புகார் குடுத்தா உங்க லைசென்சே பறந்துடும். பணம் பேங்குக்குப் போயிட்டா இந்த வம்பே இல்லே. பிடிங்க பேனாவை."

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நல்லா சொன்னீங்க போங்க! செக் எந்தத் தேதியில வரும்னு கேட்டு வெச்சுக்கிட்டு, சரியா அன்னிக்குப் புதுக் கவுன் மாட்டி அனுப்புறது யாருன்னு நினைச்சீங்க? 'பேங்குக்குன்னு மட்டும் எழுதிக் குடுத்துடாதீங்கக்கா, அப்பா வர மாட்டார்'னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுததும் அவதான் சார்."

வெளியே பலூன் ஒன்று படாரென்று வெடித்தது. கிழவர்தான் எல்லாரையும் விட உரக்கச் சிரித்தார்.

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"மேலிடத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன். செக்காவே வாங்கிக்குங்க. தொண்ணூத்தொன்பதும் நல்ல மார்க்குதாம்மா."