முழு லாக்

இணையத்தில் லினக்ஸ் கணினி உதவிக் குழுவில் சுகிர்தாவின் பெயர் மணிமாறன். பெண் பெயரில் கேட்டால் பதிலுக்கு முன்னால் தனிச்செய்திகள் வந்துவிடும். தனியாக வசிப்பவள் அவள். மணிமாறனாக எழுதும்போது தன் குரலே கனத்துவிட்டதுபோல ஒரு தைரியம் வரும். அன்று மடிக்கணினியில் வைஃபை எடுக்கவில்லை. கைபேசியில் குழுவைத் திறந்து, கணினி தானே எழுதிவைக்கும் லாக் பதிவில் பிழை வந்த கடைசிச் சில வரிகளை மட்டும் தட்டச்சு செய்து போட்டாள்.

"லாக்க முழுசா போடு தம்பி. நாங்க என்ன ஜோசியமா பாக்குறோம்?" என்றார் கூகை என்ற பெயரில் இருப்பவர். போன வாரம் அவர் சொன்ன தீர்வு தப்பென்று எல்லோர் முன்னாலும் காட்டியவள் அவள்தான்.

"அன்னிக்கு அவ்ளோ பேசுன, இதுகூடத் தெரியாதா?" என்று இன்னொருவர் சிரித்தார்.

ரோஷத்தில் முழு லாக்கையும் கைபேசிக்கு மாற்றிப் போட்டாள். பிறகுதான் படித்தாள். ஒவ்வொரு வரியிலும் கணினிக்கு அவள் வைத்திருந்த தன் சொந்தப் பெயர். நடுநடுவே வீட்டு வைஃபையின் பெயர். அதில் அடுக்ககத்தின் பெயரும் வீட்டு எண்ணும். உடனே அழித்தாள். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மாலையில் கூகை ஒரு கட்டளை அனுப்பினார். அதை மடிக்கணினியில் அடித்தாள். வைஃபை உயிர்பெற்று, அருகிலுள்ள இணைப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. எதிர் வீடு, மேல் வீடு, பிறகு இதுவரை அங்கே இல்லாத ஒரு பெயர்: கூகை. அதன் பக்கத்தில் சிக்னல் ஒரே ஒரு கோடு, தூரத்தில் இருப்பதுபோல.

கைபேசி ஒளிர்ந்தது. "இப்ப லிஸ்ட்ல எல்லாம் தெரியுதா தங்கச்சி?"

கோடு இரண்டானது. கதவைப் பூட்டினோமா என்று எழுந்துபோய்ப் பார்க்க நினைத்தாள். திரையிலிருந்து கண்ணை எடுத்தால் மூன்றாகிவிடும் போலிருந்தது.