ஜன்னலோர ரோஜா

தையல்காரருக்கு மிஷினில் கால் ஓடவில்லை. பக்கத்து ஜன்னலில் இருந்த ரோஜாத் தொட்டியை மனைவி காலையிலேயே தோட்டத்துக்குத் தூக்கிப் போய்விட்டாள்.

“நல்லாத்தானே பூத்துது? தொட்டியிலேயே இருக்கட்டுமே!” என்று ஜன்னல் வழியே கத்தினார்.

“வேர் சுருண்டு கெடக்குங்க. தரைக்கு மாத்தினாத்தான் தழைக்கும்.” குழியில் மக்கிய இலையும் வேப்பம் பிண்ணாக்கும் போட்டு, ரோஜாவை வேர்மண்ணோடு இறக்கினாள்.

பூவைப் பற்றி அவருக்கென்ன கவலை? சர்க்கரைக்காக அவள் தினமும் தரும் கஷாயத்தை ஆறு மாதமாக அவருக்குப் பதில் குடித்து வந்தது அந்தத் தொட்டிதான். கஷாயத்தின் வாடையும் வரவர மோசமாகிக்கொண்டே வந்தது.

பத்து மணிக்கு டம்ளரை மிஷின்மேல் வைத்துவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள். ஜன்னல் வழியே ஊற்றினாலும் தோட்டத்துக்குப் போனாலும் சமையலறையிலிருந்து பார்த்துவிடுவாள். தைக்க வந்த துணிமேல் ஊற்றவா முடியும்? மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார்.

திரும்பி வந்தவள் காலி டம்ளரைப் பார்த்தாள். “அதுக்குள்ள ரோஜாவுக்கு ஊத்திட்டு வந்துட்டீங்களா?”

“ரோஜாவுக்கா? நானே குடிச்சிட்டேன்!” என்றார் விறைப்பாக.

அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்க தொட்டியில ஊத்தறது எனக்குத் தெரியுங்க. தோட்டம் வரைக்கும் நடந்தாவது சர்க்கரை குறையட்டும்னுதான் செடியையே மாத்தினேன். ஐயோ, கஷாயம் போடறதை நிறுத்தி நாலு மாசமாச்சு. டம்ளர்ல இருந்தது செடிக்குக் கரைச்ச சாணித் தண்ணி!”