அவர் எண்டால் ஆர்?

அரியாலை வீட்டு விறாந்தையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. மாமாவின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதிரையில் விறைப்பாக இருக்கும் மச்சாள் யோகராணிதான் இப்போது விசா கொடுக்கிற வெள்ளைக்காரன். "டென்மார்க்கிலை இருக்கிற உம்மடை மனுசன்ரை முழுப்பேர் என்ன?" எதிரே நிற்கும் குணமலர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றுகிறாள். "அவர்..." "அவர் எண்டால் ஆர்? கொழும்பிலை போய் இப்பிடி நிண்டால், உனக்கு மனுசனே இல்லையெண்டு திருப்பி அனுப்பிப்போடுவான்." தாலி ஏறிய நாளிலிருந்து கணவன் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. போதாததற்கு, டென்மார்க்கில், தகப்பனான மாமாவின் பெயர்தான் அவனுக்குக் குடும்பப்பெயராம். அதையுமல்லவா சேர்த்துச் சொல்லவேண்டும்! மாமாவோ கிணற்றடியில் கத்தரிக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் இறைக்கும் துலா மரம் கிறீச்சிடுகிறது. குணமலர் கண்ணை இறுக மூடுகிறாள். "பொன்னம்பலம் தவகுமார்." துலா நின்றுவிடுகிறது. வாளியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. மச்சாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே வியந்து பார்க்கிறாள். குணமலருக்குக் காது சுடுகிறது. கிணற்றடியிலிருந்து மாமாவின் குரல் வருகிறது: "இன்னும் கொஞ்சம் பலத்துச் சொல்லு பிள்ளை. வெள்ளைக்காரனுக்குக் கேக்கவேணும்."