திரையில் காய்த்த முந்திரி

“என் முந்திரிப்பழத்தைத் திருடிட்டான் சார்!”

கத்திக்கொண்டே உள்ளே வந்தான் சாமிதுரை. பின்னாலேயே வீரமுத்து ஓடிவந்தான்.

“பொய் சார்! அது என் பழம்!”

அரியலூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திவந்த வைத்திலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். 1987-இல் ஏதோ ஒரு வேகத்தில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டார். அன்று பிடித்தது தலைவலி.

சாமிதுரைக்குச் சிமெண்ட் ஆலையில் வேலை. வீரமுத்து ஜெயங்கொண்டத்தில் கணக்கு டியூஷன் எடுப்பவன். சாயங்காலமானால் இரண்டு பேருக்கும் அந்தக் கம்ப்யூட்டரே கதி.

சண்டை நிஜப் பழத்துக்கு அல்ல. ஒரு புரோகிராமை ஓட்டினால் திரையில் புள்ளி புள்ளியாக ஒரு படம் விழும். பார்க்கக் கொட்டையோடு கூடிய முந்திரிப்பழம் மாதிரி இருக்கும். அதன் ஓரத்தைப் பெரிதாக்கினால் அங்கே ஒரு குட்டி முந்திரி. அதன் ஓரத்தில் இன்னொரு பொடி முந்திரி. பெரம்பலூர் கண்காட்சிக்கு அந்தப் படம் போகிறது. செய்தவர் பெயர் பேனரில் வரும். இரண்டு பேருமே ‘நான்தான் செய்தேன்’ என்று பெயர் கொடுத்திருந்தார்கள்.

“கணக்கு என்ன இவங்க அப்பன் வூட்டுச் சொத்தா சார்?” என்றான் வீரமுத்து. “ஒரு கோலத்தைப் பாத்து இன்னொருத்தி போட்டா, அது திருட்டா?”

“பாத்துப் போட்டா பரவால்ல. நீ வாசலையே பேத்து எடுத்துட்டுப் போயிட்டியே!”

“யாரு, நானா? நீதான்டா பேத்தே!”

“ரெண்டு பேரு புரோகிராமையும் பிரிண்ட் போட்டுப் பாருங்க சார்” என்றான் சாமிதுரை. “ அப்புறம் தெரியும் யாரு திருடன்னு.”

பிரிண்டர் கிறீச்சிட்டு இரண்டு தாள்களைத் துப்பியது. வைத்திலிங்கத்துக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் எழுத்துப்பிழை பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பரீட்சைத் தாள் திருத்துவதுபோல வரி வரியாக விரலை ஓட்டினார்.

“ஒரு எழுத்து வித்தியாசம் இல்ல. கலர்ங்கிறதுக்கு ஸ்பெல்லிங்கூட ரெண்டுலயும் தப்பு.”

“பாத்தீங்களா சார்!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

விரல் சட்டென்று ஓரிடத்தில் நின்றது. வைத்திலிங்கம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“ராசாத்தி ஈக்வல் டு… ராசாத்தி பிளஸ் ஒன்.”



“ராசாத்தி எம் பொண்ணுடா!” அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. “எம் பொண்ணோட எதுக்குடா ஒண்ணக் கூட்டுறீங்க? யாருடா அந்த ஒண்ணு?”

சாமிதுரையின் முகம் சிமெண்ட் நிறத்துக்கு வந்தது.

“சார், சிறுவாச்சூர் ஆத்தா மேல சத்தியமா, இதுல ஒரு வரிகூட நான் எழுதல. எல்லாம் வீரமுத்து எழுதுனது!”

“ஐயய்யோ, நான் இல்ல சார்! ஆத்தா மேல நானும் சத்தியம் பண்றேன். சாமிதுரையோடது சார் அது. அவன் பேரையே பேனர்ல போடுங்க!”

“ஒன் பேரைத்தான்டா போடணும்!”

“எனக்கு வேணாம், நீயே வெச்சுக்க!”

வைத்திலிங்கம் மூலையிலிருந்த குடையைக் கையில் எடுத்தபோது, பக்கத்து அறையில் டைப்பிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ராசாத்தி வந்து நடுவில் நின்றாள்.

“அடிக்காதீங்கப்பா. அவங்க பண்ணுன சத்தியம் நெசந்தான்” என்றாள். “மேசை மேல இருந்த என் பிளாப்பி டிஸ்க்குலேருந்து காப்பி அடிச்சவங்களுக்கு, பேரை மாத்தக்கூடத் தெரியல. நான் எழுதுன புரோகிராமுக்கு எம்பேரை வெக்காம, பின்ன இதுங்க பேரையா வெப்பேன்?”