கைப்பொத்தான் இல்லாத பெட்டி

இலஞ்சித் தோப்புக் கிணற்றின் மேல் சாரல் பொடிப்பொடியாக விழுகிறது. கரண்டு போன தைரியத்தில் அய்யாக்குட்டி உள்ளே இறங்கி, மோட்டார் சக்கரத்துக்குள் கைவிட்டுச் சிக்கிய கயிற்றை உருவுகிறான். மோட்டார் ‘ஆட்டோ’ நிலையில் கிடக்கிறது. கரண்டு வந்ததும் தானே ஓடும். கம்பெனிக்காரன் மாட்டிய புதுப்பெட்டியில் நிறுத்த ஒரு பொத்தான்கூட இல்லை, எல்லாம் மேலே நிற்கும் பெண்டாட்டி முத்துசெல்வியின் போனில்தான். “ஏட்டி, ஆட்டோவ அணைச்சிட்டியா?” “எங்க! ஆப்ப அப்டேட் பண்ணுனாத்தான் உள்ள விடுவானாம். நேத்துவரை நல்லாத்தான இருந்துது. நீங்க மேல ஏறுங்க!” “பயந்தாங்கொள்ளி! பொறு, கை மாட்டிக்கிட்டு.” அவள் ஈரவிரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து அழுத்துகிறாள். திரையில் வட்டம் சாவகாசமாகச் சுற்றுகிறது. பக்கத்துத் தோப்பில் ஒரு மோட்டார் உறுமத் தொடங்குகிறது.