பன்றியின் மேல்முறையீடு

குளத்துக்குப் போகும் வழியில் தலைதெறிக்க ஓடிவந்த காட்டுப்பன்றி, அங்கே நின்ற நாரையின் மேல் மோதியது. நாரையின் கால் முறிந்தது. அதனால் தண்ணீரில் நின்று இரை தேட முடியவில்லை. வழக்கைக் கேட்ட மைனாக்கள் கூடிப் பேசி, "இந்த மழைக்காலம் முடியும்வரை நாரைக்கு நீதான் தினமும் நண்டு பிடித்துத் தர வேண்டும்" என்று பன்றியிடம் சொல்லின.

பன்றிக்கு மனம் ஒப்பவில்லை. நேரே யானையிடம் போனது.

"ஐயா, ஒரு காலுக்கு ஒரு மழைக்காலமா? மைனாக்களும் பறவைகள்தானே, இரக்கப்பட்டு அதிகமாக விதித்துவிட்டன."

"எவ்வளவு கொடுத்தால் நியாயம் என்கிறாய்?" என்றது யானை.

"கால் குணமாகும்வரை கொடுக்கிறேன். சின்ன முறிவு, சீக்கிரம் கூடிவிடும்."

"எனக்கும் அதுதான் ஆசை" என்றது, நொண்டிக்கொண்டே கூட வந்திருந்த நாரை.

யானை பழைய தீர்ப்பை ரத்து செய்து, பன்றி கேட்டபடியே மாற்றியது. பன்றி குஷியாகத் திரும்பியது.

மழை ஓய்ந்து கோடையும் வந்தது. குளம் வற்றியதால் நண்டுகள் வளைக்குள் ஆழமாகப் போய்விட்டன. பன்றி மூக்குத் தேயத் தோண்டி ஒரு நண்டைக் கொண்டுவந்தது.

"இன்றைக்குக் கால் எப்படி இருக்கிறது, தம்பி?"

நாரை காலை மெல்ல ஊன்றிப் பார்த்து, முகம் சுளித்துத் தூக்கிக்கொண்டது.

"இன்னும் வலிக்கிறது, அண்ணே."

பன்றி நண்டின் ஓட்டை உடைத்துக் கொடுத்தது.