சிவப்புதான்

“நல்லாப் பாத்துச் சொல்லு. அவசரப்படாத.”

“பாத்துட்டேங்க. சிவப்புதான். இது இல்ல, விட்டுடுங்க.”

கார் பாலிஷ்காரர் பெருமூச்சோடு செல்போனைச் சட்டைப்பையில் போட்டார். கையில் ஒரு டப்பாவோடு பக்கத்தில் நின்ற வாடிக்கையாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்னண்ணே, பொண்ணு பாக்குறீங்களா? சிவப்பா இருந்தா வேணாங்குற வீட்ட இப்பதான் பாக்குறேன்!”

“பொண்ணு இல்ல தம்பி. உங்க கார்ல இருக்குற கோட்டத்தான் படம் எடுத்து வீட்டுக்காரிக்கு அனுப்பினேன்.”

“தூண்ல உரசினதுண்ணே. அத எதுக்கு அவங்களுக்கு?”

“என் மச்சான ஒரு கார்க்காரன் பின்னால வந்து இடிச்சுப் போட்டுட்டு நிக்காமப் போயிட்டான். ஒரு கால முட்டிக்குக் கீழ எடுத்தாச்சு. அவன் ஸ்கூட்டர் பச்சை. இடிச்ச கார்ல அந்தப் பச்சை ஒட்டாம இருக்காது. கோடு விழுந்த காரெல்லாம் என்னிக்காவது எங்கிட்டதானே வரணும்?”

வாடிக்கையாளரின் சிரிப்பு அடங்கிவிட்டது.

அது கடையில் வாங்கிய பச்சை இல்லை. பாலிஷ்காரர் மிச்சமிருந்த டப்பாக்களை ஒன்றாய்க் கலந்து, தானே அடித்துக் கொடுத்தது. “இந்தக் கலர் உலகத்துலயே ஒரே வண்டிக்குத்தான் மாமா” என்று மச்சான் அன்றைக்குக் கேலி செய்தான். இப்போது அந்தக் கேலி ஒன்றுதான் பிடிமானம்.

ஆனால் பாலிஷ்காரரின் கண்ணுக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். அந்த ரகசியம் வீட்டில் மனைவிக்கும், கடையில் முதலாளிக்கும் மட்டும் தெரியும். வேறொரு முதலாளியாக இருந்தால் என்றைக்கோ வேலையை விட்டு அனுப்பியிருப்பார். இவரோ, “கலரப் பாத்து எடுக்காத, முடிச்சப் பாத்து எடு” என்று துடைக்கும் துணிகளின் முனையில் அடையாளம் போடச் சொன்னார். பெயிண்டுக்கு ஒரு முடிச்சு, தோல் சீட்டுக்கு இரண்டு, முதலாளியின் சொந்தக் காருக்கு மட்டும் மூன்று.

மச்சானை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் முதலில் ஓடிவந்தவரும் அவர்தான். “தேடுய்யா, எங்க போயிடுவான்?” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

“இந்தக் கோடு போகுமாண்ணே? பாத்திரம் கழுவுற சோப்புப் போட்டுத் தேச்சுப் பாத்தேன்.”

“நல்ல வேலை பண்ணீங்க! இருந்த மெழுகும் போயிருக்கும். நீங்க கையில வச்சிருக்கறது வேக்ஸ், வெறும் மெழுகு. அது கோட்ட மறைக்கும், எடுக்காது. முதல்ல காம்பவுண்டுன்னு ஒரு பசை இருக்கு, அதப் போட்டுத் தேச்சு எடுக்கணும், அதுக்கப்புறம்தான் வேக்ஸ்.”

“தடம் தெரியாதே?”

பாலிஷ்காரர் முற்றத்தில் நின்ற வெள்ளைக் காரைக் காட்டினார். “முதலாளி வண்டி. அவர் வீட்டு கேட்டுலயே உரசி, அந்தப் பெயிண்டோட வந்தாரு. அன்னிக்குக் காலையில கடை திறந்ததும் அதத்தான் எடுத்தேன். வேக்ஸ் போட்டு முடிக்கல, மச்சான் இப்படிக் கிடக்கான்னு போன் வந்துடுச்சு. கோடு எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடிங்க பாப்போம்.”

வாடிக்கையாளர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், விரலால் தடவியும் பார்த்தார். “கெட்டிக்காரர்ண்ணே நீங்க!”

எத்தனையோ நாளைக்கப்புறம் பாலிஷ்காரர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

“சீட்டுக்கு எது போடலாம்? நல்லாப் பளபளன்னு இருக்கணும்.”

“பளபளன்னா அது எண்ணெய் தம்பி. வெயில் பட்டாப் பிசுபிசுக்கும். தோல்னா மங்கலாத்தான் இருக்கணும். முதல்ல அழுக்க எடுங்க, காயட்டும், அப்புறம் இந்த க்ரீம். சீட்டு மேல ஊத்திடாதீங்க, துணியில தொட்டுத் தடவுங்க. பெயிண்டு தொட்ட துணி மட்டும் சீட்டுக்கு வேணாம்.”

சாயந்திரம் வீட்டுக்குப் போனபோது மனைவி குளியலறை வாசலில் வாளியோடு உட்கார்ந்திருந்தாள். கடைத் துணிகளைத் துவைப்பது எப்போதும் அவள்தான். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் மூட்டை அப்படியே தேங்கிக் கிடந்தது.

“உன் தம்பி எப்படி இருக்கான்?”

“செருப்பு ரெண்டையும் எதுக்குக்கா கொண்டாந்தேன்னு கேக்குறான்.”

பாலிஷ்காரர் தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவள் பக்கத்தில் குந்தினார்.

“இன்னிக்கும் ஒண்ணும் கிடைக்கலதானே?” என்றாள் அவள். “இடிச்சவன் எந்தக் கடையிலயோ எவன் கையிலயோ கொடுத்துத் துடைச்சிருப்பான். துடைச்சுக் கொடுத்தான் பாருங்க, அவன் கை விளங்காமப் போகணும்.”

“அவனுக்கு என்ன தெரியும், பாவம்? தொழில் பண்ணியிருப்பான்.”

“தெரியாம என்ன? கண்ணு எங்க போச்சு அவனுக்கு?”

சொல்லிக்கொண்டே மூட்டையிலிருந்து ஒரு துணியை உதறினாள். உதறிய கை அப்படியே நின்றது. எழுந்து விளக்கடியில் போய் அதை விரித்துப் பிடித்தாள்.

“ஏங்க... இது தம்பி வண்டிப் பச்சைங்க. எந்தக் காரத் துடைச்சீங்க?”

அவர் துணியை வாங்கினார். அவர் கண்ணுக்கு அது வெறும் அழுக்குக் கறைதான். விரல் மட்டும் தானாக முனைக்குப் போய்த் தடவியது. ஒரு முடிச்சு. இன்னொன்று. அதற்கப்புறமும் ஒன்று.

“முதலாளி சிவப்புன்னு சொன்னாரே!”